சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

எங்கள் அண்ணன் தெருவுக்கே தண்ணீர் கொடுத்த கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் யாராவது கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ வந்து மாட்டிக்கொண்டால், இலையில் சோறு விழுவதற்குள் அண்ணனே சொல்லி முடித்துவிடுவார். நான் எழுதுவது அந்தக் கதையின் மிச்சம். அதை அவர் சொல்லமாட்டார். நானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் அதில் அவரைவிட மோசமான ஆள் நான்தான்.

எங்கள் ஊர் குளத்தூர் தாலுகாவில், ஆவூர்ப் பக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அண்ணன் உரக்கடை வைத்திருந்தார். கடையைக் கொடுத்துவிட்டு, பெரிய மனிதராக இருப்பதையே இப்போது முழுநேர வேலையாகப் பார்க்கிறார். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. என் மனைவி தவறிய பிறகு என் வீட்டில் அடுப்பு எரிவதில்லை, மூன்று வேளையும் மதினி கைச் சாப்பாடுதான். மதினி சோற்றைப் போட்டுவிட்டு நகரமாட்டார். பக்கத்திலேயே நிற்பார். ஒரு கரண்டி குறைத்துச் சாப்பிட்டால், "என்ன தம்பி, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ரசத்தை ஊற்றுவார்.

எங்கள் பக்கத்துப் பூமி, பாறைமேல் போர்த்திய பழைய துண்டு மாதிரி. இரண்டு முழம் தோண்டினால் கடப்பாறை திரும்பிப் பார்க்கும். நார்த்தாமலையில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிற கல்தான் எங்கள் வீட்டுக்கு அடியில் மண்ணைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. கொல்லைக் கிணறு வற்றிய பிறகு அண்ணன் இரண்டு போர் போட்டார். இரண்டிலும் புகைதான் வந்தது. மூன்றாவது போருக்கு முன்னால் நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். அவர் உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி நடந்தார். பழைய மாட்டுக்கொட்டகை மூலைக்கு வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. அண்ணன் உடனே சிலுவை போட்டுக்கொண்டார். அதோடு விடவில்லை. மறுநாள் பங்குச் சாமியாரை அழைத்து அதே இடத்தில் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கவும் வைத்தார். ஒரு பக்கம் கைவிட்டாலும் இன்னொரு பக்கம் காப்பாற்றிவிடும் என்று நினைத்திருப்பார். கூடப்பிறந்த தம்பி ஒருவன் வேதியியல் படித்திருக்கிறானே, அவனிடமும் ஒரு வார்த்தை கேட்போம் என்று மட்டும் தோன்றவில்லை.

ரிக் வண்டி வந்து ஒன்றரை நாள் கத்தியது. வெள்ளைப் பாறைத்தூள் கிளம்பித் தெரு முழுக்கப் படிந்தது. காயப் போட்ட துணி, மிளகாய், கோழி, ஆள் எல்லாம் ஒரே நிறம். கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிவிடுகிற சாம்பல் புதன் அந்த வருடம் எங்கள் தெருவுக்கு மட்டும் இரண்டு தடவை வந்தது. அறுநூறு அடி தாண்டி ஏதோ ஓர் இடத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. அண்ணன் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, வேட்டி நனைவது தெரியாமல் அழுதார். அந்த அழுகையை நான் கேலி செய்யமாட்டேன். இரண்டு போர் பொய்த்தவனுக்குத்தான் அது புரியும்.

அதற்குப் பிறகு செய்ததைக் கேலி செய்யலாம். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, தெரு பார்த்து ஒரு குழாய் வைத்தார். குழாய்க்கு மேலே ஒரு பளிங்குக் கல். அதில் எங்கள் ஊர்ப் புனிதரின் பெயர் விரல் உயரத்துக்கு இருக்கும். கீழே 'உபயம்' என்று போட்டு அண்ணன் பெயர் ஒரு சாண் உயரத்துக்கு இருக்கும். கல்லைத் திறந்து வைக்க ஒரு கூட்டம், மைக், கேசரி. பஞ்சாயத்துக் குழாயில் காவிரித் தண்ணீர் தனக்கு நல்ல நாள் பார்த்துத்தான் வரும். அதனால் தெருவே அண்ணன் குழாய்க்கு வந்துவிட்டது. தினமும் காலையில் அண்ணன் ஒரு வெள்ளி டம்ளரோடு குழாயடிக்கு வந்து, பிடித்து, வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்க ஒரு மடக்கில் குடித்துவிட்டு, "இளநீ தோத்துச்சு போ" என்பார். உண்மையிலேயே நல்ல ருசிதான். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"ஆழம் போகப் போகச் சுத்தம்டா" என்று அண்ணன் எனக்கே பாடம் எடுப்பார். "மேல இருக்கிற தண்ணியில சாக்கடை கலக்கும், மருந்து கலக்கும். அறுநூறு அடிக்குக் கீழ என்ன இருக்கு? வெறும் பாறை. பாறையில என்ன அழுக்கு இருக்கப் போவுது?"

நான் தலையாட்டினேன்.

எதிர்வீட்டில் ஒரு பெண் இருந்தாள். புருசன் சிங்கப்பூரில் கட்டட வேலை, மாமியார் காலையில் நூறு நாள் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். தலைப்பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள், பெண் குழந்தை. தாய்ப்பால் பத்தவில்லை என்று டாக்டர் மாவுப்பால் எழுதிக் கொடுத்திருந்தார். டின்னில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "ஆறவச்ச வெந்நிதான் ஊத்தணும்னு போட்டுருக்கு பெரியம்மா, எம்புட்டு நேரம் கொதிக்கணும்?" என்று கேட்டாள். எதையும் கேட்டுவிட்டுச் செய்கிற பெண். மதினிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மதினிக்குக் கால் வீங்கியது. திருச்சியில் காட்டியபோது ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, கிட்னியைக் கவனிக்க வேண்டும் என்றார்கள். சர்க்கரை ஏற்கெனவே இருந்தது. மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, தண்ணீர் மட்டும் குறைக்காமல் குடிக்கச் சொன்னார்கள். கார் வீடு திரும்பும் வரைக்கும் அண்ணன் பெருமைப்பட்டுக்கொண்டே வந்தார். "தண்ணிதான? நம்ம வீட்ல இல்லாததா?"

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த வேதியியல் அறிஞன் வாயைத் திறந்தான்.

"சும்மா குடிக்காதீங்க மதினி. காய்ச்சிக் குடிங்க. லேசாச் சூடு பண்றது இல்ல. நாலு செம்பு வச்சா ரெண்டு செம்பாச் சுண்டணும். அப்பத்தான் உள்ள இருக்கறதெல்லாம் போவும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். எங்கள் ஊரில் உடம்புக்கு நல்லது எதுவாக இருந்தாலும் அதைச் சுண்டக் காய்ச்சுவார்கள். சளிக்குக் கஷாயம், வயிற்றுவலிக்கு ஓமம், பிள்ளை பெற்றவளுக்குச் சீரகத் தண்ணீர். நாலு ஒன்றாகச் சுண்டினால் மருந்து, இரண்டாகச் சுண்டினால் பத்தியம். நான் எம்.எஸ்ஸி. படித்தது அந்த அடுப்பைத் தாண்டி உள்ளே போகவே இல்லை போலிருக்கிறது.

மதினி நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் பெரிய பாத்திரத்தில் வைத்து, பாதியாகும் வரை அடுப்பை அணைக்கமாட்டார். அதில் தனக்கு ஒரு பிளாஸ்க், எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஒரு பிளாஸ்க். "வாத்தியார் சொன்ன தண்ணி" என்று பெயர் வேறு. தினமும் அந்தப் பெண் வந்து பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு போவாள். என்னைப் பார்த்தால், "சார் புண்ணியத்துல புள்ளைக்கு வயித்தால போறதே இல்ல" என்பாள். நான் அதற்கும் தலையாட்டினேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. திருவிழாக் கொடியேற்றத்துக்கு என்னிடம் படித்த ஒருத்தி ஊருக்கு வந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மரியாதைக்காக என்னைப் பார்க்க வந்தவள் குழாயைப் பார்த்தாள், பளிங்குக் கல்லைப் பார்த்தாள், எத்தனை அடி என்று கேட்டாள். பையிலிருந்து பாட்டில்களை எடுத்து, கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாமா என்றாள்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "பிடி தாயி, எம்புட்டு வேணும்னாலும் பிடி. ரிப்போர்ட் வந்ததும் ஃப்ரேம் போட்டு மாட்டிருவோம்" என்றார். கல்லுக்குப் பக்கத்தில் எங்கே மாட்டலாம் என்று சுவரில் இடம் கூடப் பார்த்து வைத்தார்.

ரிப்போர்ட் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. பின்னாலேயே அவளும் பேசினாள்.

"சார், உங்க போர்ல யுரேனியம் இருக்கு. குடிதண்ணியில இருக்கலாம்னு வச்சிருக்கற அளவத் தாண்டி இருக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. யாரும் கொண்டுவந்து கொட்டியது இல்லை என்றாள். எங்கள் பாறையிலேயே அது கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்திருக்கிறதாம். ஆழத்துத் தண்ணீர் வருடக்கணக்காகப் பாறை இடுக்கில் கிடந்து ஊறுகிறபோது கரைந்து வருமாம். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியில் தெரியாது. கதிர்வீச்சு என்று பயப்படுவதைவிட, அந்த உலோகம் கிட்னிக்கு ஆகாது என்பதுதான் முதல் பயம் என்றாள். "குடிச்ச ஒடனே ஒண்ணும் ஆயிடாது சார். குளிக்கலாம், துவைக்கலாம். ஆனா வருசக்கணக்காக் குடிக்கக் கூடாது. கிட்னி சரியில்லாதவங்களும் கைக்குழந்தைங்களும் சுத்தமா வேணாம். ஆர்.ஓ. தண்ணிக்கு மாறிருங்க."

நான் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"காய்ச்சிக் குடிச்சா?"

அவள் திருப்பிக் கேட்டாள்.

"சார்... நீங்கதான சார் பீங்கான் கிண்ணத்துல உப்புத் தண்ணிய வச்சுக் காய்ச்சிக் காட்டுனீங்க?"

ஆமாம், நான்தான். முப்பது வருடம், வருடத்துக்கு ஒரு தடவை, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு காட்டினேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், கரைந்திருப்பது அத்தனையும் கிண்ணத்தில் தங்கும் என்று பையன்களைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தேன். சொல்லாதவனை பெஞ்சுமேல் ஏற்றினேன். பாதியாகச் சுண்டிய தண்ணீரில் யுரேனியம் பாதியாகாது, ஒரு செம்பில் இருக்கிறது இரண்டு மடங்காகும். கிட்னி கெட்ட மதினிக்கும் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் நான் எழுதிக் கொடுத்த மருந்து அதுதான். அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் முதலில் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

"யுரேனியம்னா, அணுகுண்டுக்குப் போடுறதா?"

"அது வேற அளவுண்ணே. இது நம்ம பாறையில..."

"வாயை மூடு. இந்த வார்த்தை காம்பவுண்டத் தாண்டிப் போச்சுன்னா அடுத்த வாரம் பத்து ஜீப்பு வந்து நிக்கும். எடத்தக் குடு, வீட்டக் குடும்பான். அப்புறம் போராட்டப் பந்தலப் போட்டு ஒக்கார வேண்டியதுதான்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் மாவட்டத்தில் பூமிக்கடியில் ஏதோ இருக்கிறது என்று யாராவது சொன்னால் யாரும் சந்தோசப்படுவதில்லை. ஆனால் இது தோண்டி எடுக்கிற அளவெல்லாம் கிடையாது, தண்ணீரில் துளியூண்டு கரைந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். அண்ணன் முகம் தொங்கிவிட்டது.

"துளியூண்டுதானா?" என்றார்.

பயம் போன இடத்தில் ஏமாற்றம் வந்து உட்கார்ந்தது. ஆனாலும் முடிவு மாறவில்லை. குழாயை மூடக்கூடாது, யாரிடமும் மூச்சு விடக்கூடாது. ஆர்.ஓ. மெஷின் மாட்டலாம் என்றேன். "பிளம்பர் வந்து மாட்டுவான், தெரு பாக்கும். என் தண்ணிக்கு நானே மெஷின் போடுறதா?" என்றார். திருவிழா முடியட்டும் என்றார். கோடை போகட்டும் என்றார். பளிங்குக் கல்லில் ஒரு சாண் உயரத்துக்கு இருந்த எழுத்து அவர் நெஞ்சுமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது கடத்தல். தெருவுக்கே தண்ணீர் கொடுத்த வள்ளல் கீரனூருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், இருபது லிட்டர் கேன்களைப் பின்சீட்டில் படுக்க வைத்து, மேலே பெட்ஷீட் போர்த்திக் கொண்டுவந்தார். சாராயம் கொண்டுவருகிறவன்கூட அவ்வளவு வியர்த்திருக்கமாட்டான். கேன்களை அடுக்கியது கிறிஸ்துமஸ் குடில் சாமான் அறையில். வைக்கோலும் வண்ணத்தாளும் பெட்டிகளில் கிடக்க, மூன்று ராஜாக்களும் ஆட்டிடையர்களும் கேன்களைச் சுற்றி நின்று காவல் காத்தார்கள். தெரு காலைப் பூசைக்குப் போகிற நேரம் பார்த்துக் காலிக் கேன்களை வெளியேற்றுவார். இதனால் அண்ணனுக்குப் பூசை தவறியது. உடம்பு சரியில்லையா என்று பங்குச் சாமியார் வீடு தேடி வந்து விசாரித்துவிட்டு, வந்த இடத்தில் தாகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்று தெரியாமல் அண்ணன் அவருக்குக் காபி போடச் சொன்னார்.

குழாயடி டம்ளர் மட்டும் நிற்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணன் வெள்ளி டம்ளரில் உள்ளேயே கேன் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வெளியே வருவார். குழாயைத் திறந்து விரலை நனைப்பார், மூடுவார், தெரு பார்க்கக் கேன் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இளநீ தோத்துச்சு போ" என்பார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், 'அப்ப காய்ச்சச் சொன்னது யாரு சார்?' என்று யாராவது கேட்பார்கள். தெருவில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். அண்ணனைக் கட்டிப்போட்டது பளிங்குக் கல் என்றால், என்னைக் கட்டிப்போட்டது பீங்கான் கிண்ணம். இருவரும் ஒரே தொழுவத்தில் நின்றோம்.

மதினியிடம் மறைக்க முடியவில்லை. விசயம் தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி தன் கிட்னியைப் பற்றி இல்லை.

"அந்தப் புள்ளைக்குக் குடுத்தேனே?"

அப்போதே தெருவில் போய்ச் சொல்லப் புறப்பட்டவரை அண்ணன் கெஞ்சி உட்கார வைத்தார். தெருவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொள்ளலாம், குழந்தைக்கு மட்டும் இனிமேல் கேன் தண்ணீரையே காய்ச்சிப் பிளாஸ்க்கில் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் காரியம் முடிந்துவிடும் என்றார். மதினி என்னைப் பார்த்தார். நான் நல்ல யோசனை என்றேன். அன்றிலிருந்து பிளாஸ்க்கில் கேன் தண்ணீர் போனது. எனக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது.

அடுத்த மாதம் மதினிக்கு மறுபடி வீக்கம். ஒரு வாரம் திருச்சி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாகிவிட்டது. அண்ணன் துணைக்குப் போனார். போர்த் தண்ணீரைப் பற்றி டாக்டரிடம் சொன்னபோது, இதனால்தான் என்று சொல்ல முடியாது, சர்க்கரையும் காரணம், ஆனால் அந்தத் தண்ணீரை இனிமேல் வாயில் வைக்க வேண்டாம் என்றாராம். காரில் ஏறும் முன் மதினி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "தம்பி, பிளாஸ்க்க மட்டும் மறக்காமக் குடுத்துருங்க."

முதல் நாள் கொடுத்தேன். இரண்டாம் நாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்தப் பெண், "நீங்க எதுக்கு சார் செரமப்படுறீங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள். எனக்கும் அடுப்படியில் நிற்பது சிரமமாகத்தான் இருந்தது. சரிம்மா என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று கேட்கவில்லை. கேட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

மதினி வீடு திரும்பிய மறுநாள் காலை, அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். குழந்தை கையில் பால் பாட்டில். மதினி கட்டிலில் சாய்ந்தபடி குழந்தையின் காலைப் பிடித்துக் கொஞ்சினார். பிளாஸ்க் சரியாக வந்ததா என்று கேட்டார்.

"அத ஏன் பெரியம்மா கேக்குறீங்க. சார் பாவம், ஆம்பளையாளு என்னத்தக் காய்ச்சுவாரு? நானே நம்ம குழாயில பிடிச்சுக் காய்ச்சிக்கிறேன். நீங்க செய்யறத விட நல்லாச் செய்யறேன். பாதி என்ன, கால்வாசியாச் சுண்டுற வரைக்கும் விட்டுர்றேன். எம்புள்ளையாச்சே."

மதினி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கட்டிலை விட்டு எழுந்தார். வீங்கிய காலை இழுத்து இழுத்து வாசலுக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். குழாயடியில் வழக்கமான காலை வரிசை. அண்ணன் வெள்ளி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"யாரும் இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க" என்றார் மதினி. சத்தம் போடவில்லை. "குடிக்க ஆகாதுன்னு ரிப்போர்ட் வந்துருக்கு. கிட்னியக் கெடுக்குமாம். காய்ச்சுனா இன்னும் மோசமாம். குளிக்க, துவைக்க மட்டும் பிடிங்க."

அண்ணன் பதறி ஓடிவந்தார். "ஆஸ்பத்திரி மாத்திரை இவளுக்கு ஒத்துக்கலங்க. ரெண்டு நாளா இப்படித்தான் என்னென்னமோ பேசுறா."

நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளை நடுத்தெருவில் வைத்துப் புத்தி பிசகியவளாக்கிவிட்டார். அப்போதுதான் நான் முதல்முறையாக அண்ணனை மனதார வெறுத்தேன். மதினிக்குக் கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"மாத்திர நல்லாத்தான் ஒத்துக்கிருச்சு. குடில் சாமான் ரூமத் தொறந்து காட்டவா? கையில வச்சிருக்கீங்களே டம்ளரு, அது எந்தத் தண்ணின்னு இவங்கட்டச் சொல்லவா?"

அண்ணன் டம்ளரைப் பார்த்தார். தெருவும் டம்ளரைப் பார்த்தது. வரிசையில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் குழாயை மூடவில்லை. கடைசியில் ஓர் அம்மா குனிந்து தன் குடத்தைக் கவிழ்த்தார். ஒருத்தர் பின் ஒருத்தராகக் கவிழ்த்தார்கள். யாரும் அண்ணனை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பார்.

எதிர்வீட்டுப் பெண் மட்டும் என் பக்கம் திரும்பினாள். குழந்தையின் வாயிலிருந்து பாட்டிலை மெதுவாக உருவினாள். குழந்தை அழத் தொடங்கியது.

"சாருக்கும் தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்பருந்து சார்?"

"ஒன்றரை மாசமா."

அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி இவ கவுந்துகூடப் படுக்கல சார். இப்ப ஒக்காருறா."

பிளாஸ்க்கில் நாங்கள் கேன் தண்ணீர் கொடுத்ததைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதைச் சொன்னால் என்ன சொன்னதாக ஆகும் என்று அதே நொடியில் புரிந்தது. இந்தப் பிள்ளைக்கு நல்ல தண்ணீர் எது, கெட்ட தண்ணீர் எது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது, தாய்க்குச் சொல்லாமல் இருந்தோம் என்பதைத்தான் அது சொல்லும். அவள் பாட்டிலின் மூடியைத் திருகிப் பாலைச் சாக்கடையில் ஊற்றினாள். குழந்தை வீறிட்டது.

நான் உள்ளே ஓடினேன். குடில் அறையில் சீல் உடைக்காத கேன் ஒன்று இருந்தது. இந்த வயதில் இருபது லிட்டரைத் தூக்கக்கூடாது. தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போய் அவள் வாசற்படியில் வைத்தேன். மூச்சு வாங்கியது.

"இது நல்ல தண்ணிம்மா. புள்ளைக்கு ஊத்து. காய்ச்சி ஆறவச்சு ஊத்து, சுண்ட விடாத" என்றேன்.

அவள் கேனைத் தொடவில்லை. அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றாள். எதையும் கேட்டுவிட்டுச் செய்கிற அந்தப் பெண் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"நல்ல தண்ணியா, இல்லையான்னு நான் இனிமே யாருகிட்ட சார் கேக்குறது?"